பாறை வளர்ந்த வாரம்

போன மாதம் உங்கள் பயிற்சி வகுப்பில் பேசக் கூப்பிட்டிருந்தீர்கள். ஆழ்வார்குறிச்சியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தேன். முப்பத்து மூன்று வருடம் கடலின் ஆழம் அளந்தவர் என்று அறிமுகப்படுத்தினீர்கள். பொன்னாடை போட்டு, சுவர்க் கடிகாரம் ஒன்றும் கொடுத்தீர்கள். கேள்வி நேரத்தில் பின் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, "சார், வேலையில் நீங்கள் குழம்பிப்போனதே கிடையாதா?" என்று கேட்டார். "ஒழுங்காக அளந்தால் குழப்பம் ஏம்மா வருது?" என்று சொன்னேன். எல்லாரும் கைதட்டினீர்கள்.

நான் சொன்னது பச்சைப் பொய். திரும்பி வரும்போது அம்பாசமுத்திரம் தாண்டும்வரை அந்தக் கைதட்டல் என்னை உறுத்திக்கொண்டே வந்தது. மேடையில் மைக்கைப் பிடித்தால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிடும். வீட்டில் கேட்டால் கொஞ்சம் இல்லை, நிறையவே என்பார்கள். அந்தப் பெண்ணின் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. ஆகையால் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலை உங்கள் எல்லாருக்குமாக எழுதுகிறேன். என் வேலை நாட்களில் பாதி குழப்பத்தில்தான் போயிருக்கிறது. அதில் ஒரு வாரம் மட்டும் என்னை இன்னும் விடவில்லை.

வேலைக்கு நேற்றுச் சேர்ந்தவர்களும் இதைப் படிப்பீர்கள் என்பதால் ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படகில் இருக்கும் கருவி தண்ணீரின் மேல்மட்டத்திலிருந்து கடல் தரைவரை எவ்வளவு என்று சொல்லும். ஆனால் அந்த மேல்மட்டம் ஓர் இடத்தில் நிற்காது, காலையில் ஏறும், மதியம் இறங்கும், ஓதம் என்பது இதுதான். அதனால் படகுகள் அணையும் ஜெட்டியின் தூணில் எண்கள் எழுதிய மரக்கோல் ஒன்றை மாட்டி, எதிரே ஓர் ஆளை உட்கார வைப்போம். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை தண்ணீர் எந்த எண்ணில் நிற்கிறது என்று அவர் நோட்டில் குறிப்பார். கருவி சொன்னதிலிருந்து கோல் சொன்னதைக் கழித்து, வருகிற எண்ணை வரைபடத்தில் எழுதுவோம். இப்போது தானாகப் பதியும் கருவிகள் வந்துவிட்டன என்பீர்கள். அவற்றையும் யாரோ ஒருவர் ஏதோ ஒரு தூணில்தான் மாட்டியிருக்கிறார்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்கள் முன்பு தாமிரபரணியில் பெரிய வெள்ளம் வந்தது. எங்கள் பக்கத்து வயல் மண்ணையும் வாழைத்தோட்டத்து மண்ணையும் வாரிக்கொண்டு ஆறு கடலுக்கு ஓடியது. ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குடா இருக்கிறது. அதன் கரையில் ஒரு கிராமம், ஒரு மாதா கோயில், ஒரு ஜெட்டி, நாற்பதுக்குக் கொஞ்சம் குறைவான படகுகள். ஊர்ப் பெயர் வேண்டாம், படித்து முடிக்கும்போது ஏன் என்று உங்களுக்கே தெரியும்.

வெள்ளத்து மண் வந்து குடா தூர்ந்துபோயிருக்கும் என்று மேலிடத்தில் முடிவே கட்டிவிட்டார்கள். ஆழம் குறைந்திருந்தால் ஜெட்டியை மூடிவிட்டு, படகுகளை ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள வேறொரு துறைக்கு மாற்றிவிடலாம் என்று திட்டம். வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்குக் கூட்டம். அதற்குள் குடாவை அளந்து எண்ணைக் கொடுக்க வேண்டும் என்று திங்கட்கிழமை காலை என்னை அனுப்பினார்கள்.

எனக்குப் படகு ஓட்டியவர் சூசை. அந்த ஊர்க்காரர், ஐம்பதை ஒட்டிய வயது, சொந்தப் படகு. அவருடைய மனைவி பெலிசித்தாள் விடிந்ததும் ஜெட்டியில் மீனை வாங்கிக் கூடையில் எடுத்துக்கொண்டு, ஜெட்டி வாசலிலேயே பஸ் ஏறி, ஸ்ரீவைகுண்டத்துத் தெருக்களில் விற்றுவிட்டு வருபவர். முதல் நாள் நான் படகில் ஏறும்போது அவர் கூடையை இறக்கி வைத்துவிட்டு என் எதிரே வந்து நின்றார்.

"அண்ணாச்சி, ஜெட்டிய மூடிட்டா நான் எந்தப் பஸ்ஸப் புடிச்சு எங்கன போயி மீன் எடுக்க? அங்கன போயிட்டுத் திரும்பி வந்தா மீனு நாறிரும்லா? ஒங்க நோட்டுல அதயும் ஒரு ஓரமா எழுதிக்கிடுங்க."

"எழுதுதேன் தாயி," என்று சொன்னேன். ஆழத்தைத் தவிர வேறு எதையும் அந்த நோட்டில் எழுத முடியாது என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

கோலின் எதிரே உட்கார்ந்தவர் காயல்பட்டினத்துக்காரர். எல்லாரும் அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம், அந்த ஊரில் அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள். பதவியில் எனக்குக் கீழே, வயதில் எனக்கு இரண்டு வருடம் மூத்தவர். அலுவலகத்தில் என்னைச் சார் என்பார், கடற்கரைக்கு வந்துவிட்டால் தம்பி என்பார். மகன் துபாயிலிருந்து அனுப்பிய குடையை நாற்காலியில் கட்டிக்கொண்டு, காலை முதல் மாலை வரை கோலைப் பார்த்தபடி அசையாமல் இருப்பார்.

இங்கேதான் நான் முதல் தப்பைச் செய்தேன். எந்த அளவையும் தொடங்கும் முன் மாதா கோயில் கொடிமரத்தின் அடியில் கல்லில் வெட்டியிருக்கும் குறியிலிருந்து மட்டம் பிடித்து வந்து, கோல் தன் இடத்தில்தான் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு அரை நாள் ஆகும். கோயிலிலிருந்து ஜெட்டிவரை தெருவெல்லாம் வெள்ளம் விட்டுப்போன சேறு. எனக்கு இருந்ததோ மூன்றே நாள். கோலைப் போய்ப் பார்த்தேன். பளபளவென்று வெள்ளைப் பெயிண்ட், கறுப்பு எண்கள், போல்ட்டுகள் இறுக்கமாக இருந்தன. முந்தைய வருடம் உரிந்துபோய்க் கிடந்த கோலா இது என்று எனக்கு ஒரே சந்தோஷம். இவ்வளவு பெரிய வெள்ளத்துக்கே அசையாதது இனி எதற்கு அசையப் போகிறது என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு படகில் ஏறிவிட்டேன்.

மூன்று நாள் அளந்தோம். புதன்கிழமை மாலை கோயில் பக்கத்துச் சத்துணவுக் கூடத்தில் மேசையைப் போட்டு, முந்தைய வருடத்து வரைபடத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வட மூலையில் முழங்கால் அளவுக்கு மேல் மண் ஏறியிருந்தது. முகத்துவாரத்தில் மாற்றமே இல்லை. நடுக்குடா முழுக்க ஒரு சாண் ஆழம் குறைந்திருந்தது. அந்த ஒரு சாண் ஜெட்டியை மூடப் போதும். என்னை அனுப்பிய நமது பொறியாளருக்குப் போனில் சொன்னேன்.

"நான்தான் மொதல்லயே சொன்னம்லா! வெள்ளம் வந்தா தூராம என்ன செய்யும்? நாளைக்குக் கூட்டத்துல வச்சு முடிச்சிருவோம். நல்ல வேலை பாத்தீருவே," என்றார்.

என்னைப் பாராட்டுகிறவர் இல்லை அவர். ஆகவே எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

வரைபடங்களைச் சுருட்டும்போது சூசை தேநீர் கொண்டு வந்தார். முடிவு என்ன என்று அவர் கேட்கவில்லை, என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு மெதுவாகப் பேசினார்.

"ஒரு சாணுன்னா சொல்லுதீய? வெள்ளத்துக்குப் பொறவு பத்து நாளா போயிட்டு வாரேன் அண்ணாச்சி. எம் படகு எங்கனயும் தட்டலயே. ஆமைப்பாறைக்கு மேல எப்பவும் போற மாதிரித்தான் போறேன்."

ஆமைப்பாறை குடாவின் நடுவே தண்ணீருக்குள் கிடக்கும் பெரிய பாறை. வரைபடத்தில் அதைத் தேடினேன். அங்கேயும் ஒரு சாண் குறைந்திருந்தது.

முதலில் அது எனக்கு உறைக்கவே இல்லை. பாறை மேலும் மண் படிந்திருக்கும் என்று சொல்லிவிட்டுத் தேநீரைக் குடித்தேன். பாதி டம்ளரில் சந்தேகம் வந்தது. நடுக்குடா முழுக்க, பள்ளத்திலும் மேட்டிலும், ஒரே ஒரு சாண். மண் அப்படியா படியும்? பள்ளத்தில் கூடுதலாகவும் மேட்டில் குறைவாகவும்தானே விழ வேண்டும்? வீட்டில் ஊற்றுகிற தோசைகூட நடுவில் தடித்து ஓரத்தில் மெலியும். வெள்ளம் மட்டும் எப்படி இவ்வளவு சீராக ஊற்றியது என்று யோசிக்க ஆரம்பித்தவன், சாப்பிட்ட பிறகும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் விடிந்ததும் சூசையைக் கூட்டிக்கொண்டு நேரே ஆமைப்பாறைக்குப் போனேன். கருவியை நம்பாமல் கயிற்றில் கட்டிய ஈயக்குண்டை இறக்கினேன். அதன் அடியில் ஒரு குழி உண்டு. அந்தக் குழியில் பார் சோப்பை அழுத்தி வைத்து இறக்கினால் தரையில் கிடப்பது சோப்பில் ஒட்டிக்கொண்டு வரும். ஏழு இடத்தில் இறக்கினோம். ஏழு தடவையும் சோப்பு சுத்தமாகத்தான் வந்தது. இரண்டு தடவை சிப்பித் துணுக்குகள் ஒட்டியிருந்தன. பொட்டு மண் கிடையாது. ஆனால் கரைக்குப் போன் போட்டுக் காக்காவிடம் கோலின் எண்ணைக் கேட்டுக் கழித்தால், மறுபடியும் ஒரு சாண் குறைவு.

சூசை என் நோட்டை எட்டிப் பார்த்தார். "என்ன அண்ணாச்சி, பாறை வளந்துட்டோ?" என்று கேட்டார். அவர் சிரிக்கவில்லை. உண்மையாகவே கேட்டார்.

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இரும்புத் தட்டைக் கயிற்றில் கட்டித் தெரிந்த ஆழத்தில் தொங்கவிட்டுக் கருவியைச் சோதித்தேன், சரியாக இருந்தது. கயிற்றை டேப்பால் அளந்தேன், அதுவும் சரி. இடம் காட்டும் கருவியும் சரி. மண் இல்லை. பாறை வளராது. தலைக்குள் ஏதோ ஒரு மூலையில் எறும்பு ஊர்வதுபோல இருந்தது. பத்து மணிக்குப் பொறியாளர் போன் போட்டார், நான் எடுக்கவில்லை. பத்தரைக்குப் போட்டார், அப்போதும் எடுக்கவில்லை. எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் மிச்சம் இருந்தது ஓர் ஆள்தான்.

நான் செய்த இரண்டாவது தப்பு இது. இதை எழுதவே கை கூசுகிறது. கரைக்கு வந்ததும் நேரே காக்காவிடம் போனேன். பக்கத்தில் வலை பின்னிக்கொண்டு நான்கு பேர் இருந்தார்கள். அதையும் நான் பார்க்கவில்லை. காலையில் அவர் போனில் சொன்ன எண்ணிலும் அதே ஒரு சாண் குறைந்ததையும் யோசிக்கவில்லை.

"காக்கா, மத்தியானம் லுகர் தொழப் போன நேரத்துல கோல யாரு படிச்சா? வந்து குத்துமதிப்பா எழுதிப் போட்டீயளா?"

வலை பின்னிக்கொண்டிருந்தவர்களின் கை நின்றது. காக்கா என்னை ஏறிட்டுப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் மடியிலிருந்த நோட்டைத் திறந்து என் கையில் கொடுத்தார். மூன்று நாளும் மதியத்தில் இரண்டு வரிகள் வெறுமையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே, "தொழுகை. படிக்கவில்லை" என்று எழுதியிருந்தது. பார்க்காத எண்ணை அவர் எழுதவில்லை. அந்த வெற்று வரிகளை நான் முந்திய நாள் கணக்குப் போடும்போது தாண்டித்தான் போயிருக்கிறேன்.

"மொதப் பக்கத்தயும் பாருங்க தம்பி," என்றார்.

முதல் நாள் காலை, முதல் பக்கத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதியிருந்தது: "நீர்மட்டம் ஓதப் பட்டியலில் உள்ளதைவிடக் கூடுதல். சார் பார்க்கவும்." அதற்குக் கீழே என் இனிஷியல் இருந்தது. படிக்காமலே போட்டிருக்கிறேன்.

"வெள்ளத் தண்ணி இன்னும் கடல்ல நிக்கோ என்னவோன்னு எனக்குக் கொழப்பம். அதான் பாக்கச் சொல்லி எழுதுனேன். நீங்க கையெழுத்துப் போட்டுட்டீங்க. பாத்துட்டீங்கன்னு நெனச்சேன். இப்ப நீங்களே ஒக்காந்து படிங்க, நான் ஒரு சாயா குடிச்சிட்டு வாரேன்." சொல்லிவிட்டு எழுந்து போனார். குடையை எனக்கு விட்டுவிட்டுப் போனார், அதுதான் இன்னும் சுட்டது.

உட்கார்ந்தேன். அத்தனை வருட வேலையில் கோலின் எதிரே ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் நான் உட்கார்ந்ததில்லை, எப்போதும் படகில் இருக்கும் ஆள். தண்ணீர் ஏறுவதும் இறங்குவதுமாக ஆடிக்கொண்டிருந்தது. எந்த எண்ணை எழுதுவது என்றே எனக்குப் பிடிபடவில்லை. காக்கா எப்படி இதைப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை செய்கிறார் என்று நினைத்துக்கொண்டு, கண் வலித்ததால் பார்வையை மேலே உயர்த்தினேன். கோலின் தலைக்கு மேலே, அதே தூணில், மாதாவின் முகம் இருந்தது. நீல முக்காடு, சின்ன வாய், நேராக என்னைப் பார்க்கிற கண்கள். மூன்று நாளாக அதைக் கவனிக்கவே இல்லை.

பக்கத்தில் சூசை வந்து குத்தவைத்தார். என் முகம் போன போக்கைப் பார்த்து ஏதாவது பேச வேண்டும் என்று நினைத்திருப்பார். எனக்கும் ஏதாவது பேச வேண்டியிருந்தது.

"நல்லா வரஞ்சிருக்கே. யாரு வரஞ்சது?" என்று கேட்டேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "எஞ் சித்தப்பா மவன். உடன்குடியில போர்டு எழுதுதான். திருவிழாவுக்கு முன்னாடி ஜெட்டி பூரா பெயிண்ட் அடிச்சோம்லா அண்ணாச்சி, படகு, தூணு, ஏணி, ஒண்ணு விடல. வருசா வருசம் அடிக்கோம். இந்த வருசம் மாதாவயும் வரஞ்சோம். ஒங்க கோலு மட்டும் உரிஞ்சு கெடந்துச்சு. மாதா திருவிழாவுல அது மட்டும் அப்படி நின்னா நல்லாவா இருக்கும்? கழத்திட்டுப் போயி, சொரண்டி, நம்பரெல்லாம் முன்ன இருந்த மாதிரியே எழுதிக் கொண்டாந்து மாட்டுனோம்."

"நீங்களா?"

"நான்தான். இந்தக் கையாலதான். பழைய எடத்துல மாட்டுனா மாதா மொகத்துக்கு நேரா குறுக்க நிக்கு. மாதா மொகத்த மறைக்க முடியுமா? அதான் பைய ஒரு சாண் கீழ எறக்கி மாட்டுனேன். பழைய ஓட்டயெல்லாம் அடச்சிட்டேன். போல்டு எல்லாம் புதுசு. வெள்ளத்துக்கே அசையலயே, பாத்தீயளா?"

நான் எழுந்து தூணின் அருகே போனேன். மாதாவின் முக்காட்டில் விரலை வைத்துத் தடவினேன். நீலப் பெயிண்டுக்குக் கீழே பழைய போல்ட் துளையின் விளிம்பு விரலில் தட்டுப்பட்டது. சூசையின் கையைப் பிடித்து, அந்தத் துளையிலிருந்து கீழே புதிய போல்ட்வரை விரிக்கச் சொன்னேன். கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல்வரை அச்சாகப் பொருந்தியது. எங்கள் குடாவில் குறைந்த ஆழம் முழுக்க அந்தக் கைக்குள் இருந்தது.

கோல் கீழே இறங்கினால் தண்ணீர் அதில் உயரமான எண்ணைத் தொடும். கழிக்க வேண்டியதைவிட ஒரு சாண் அதிகமாகக் கழிப்போம். குடா முழுக்க ஒரு சாண் தூர்ந்ததாகக் கணக்கு வரும், பாறையும் வளரும். இதைச் சூசைக்கு விளக்கிச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் வாடிக்கொண்டே வந்தது.

"அப்போ எங்க ஜெட்டிய நானா மூட வச்சேன்?"

"இன்னும் மூடலவே. எந்திரியும், கொடிமரத்துக்குப் போகணும்."

முதல் நாளே பிடித்திருக்க வேண்டிய மட்டத்தை அப்போது பிடித்தோம். சேற்றில் முழங்கால்வரை இறங்கி, கொடிமரத்துக் குறியிலிருந்து கோல்வரை மட்டம் பார்க்கும் கருவியைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். சூசை அளவுச் சட்டத்தைப் பிடித்தார். தேநீர் குடிக்கப் போன காக்கா பாதி வழியில் எங்களைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் வேட்டியை மடித்துக் கட்டி வந்து நோட்டை வாங்கிக்கொண்டார். முடிக்கும்போது மணி இரண்டு. கோல் இருபத்து மூன்று சென்டிமீட்டர் கீழே இருந்தது.

பொறியாளருக்குப் போன் போட்டேன்.

"காலையிலேர்ந்து எங்கவே போனீர்? இருவது படி பிரிண்ட் எடுத்தாச்சு. மூணு மணிக்குக் கூட்டம்."

"அந்த எண் தப்பு சார். கோல் எடம் மாறியிருக்கு. நான் ஆரம்பிக்கும்போது மட்டம் பிடிக்கல. தப்பு என்னோடது."

"நேத்து ஒண்ணு சொன்னீரு. இன்னைக்கு ஒண்ணு சொல்லுதீரு. நாளைக்கு என்ன சொல்லுவீரு?"

இந்த இடத்தில் நான் கெட்டிக்காரத்தனமாக ஏதோ சொன்னேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் எனக்கு அப்போது எதன் மேலும் நம்பிக்கை இல்லை. ஒரு தப்பைக் கண்டுபிடித்தவனுக்கு இன்னும் எத்தனை இருக்குமோ என்கிற பயம்தான் இருக்கும். "தெரியல சார். நாலு நாள் கொடுங்க, திரும்ப அளக்கேன். அதுவரைக்கும் எந்த எண்ணையும் மேசையில வைக்காதீங்க," என்றேன்.

"பாறை வளந்துச்சுன்னு எழுதி வச்சு என் மானத்த வாங்கியிருப்பீரு," என்று சொல்லிப் போனை வைத்தார். கூட்டத்தைத் தள்ளி வைத்தார். அந்த மனிதரிடம் அப்படி ஒரு நேர்மை இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அடுத்த வாரம் விளக்கம் கேட்டு எனக்கு ஒரு மெமோவும் வந்தது. நடந்ததை அப்படியே எழுதிக் கொடுத்தேன். மாதா முகத்தை மட்டும் எழுதவில்லை, "உள்ளூர்ப் பராமரிப்புப் பணியின்போது" என்று போட்டேன்.

திரும்ப அளந்தோம். ஆமைப்பாறை பழைய உயரத்துக்கே வந்து சேர்ந்தது. நடுக்குடா அப்படியேதான் இருந்தது. மாற்றமில்லை என்று நான் நினைத்திருந்த முகத்துவாரத்தை வெள்ளம் உண்மையில் அரித்து ஆழமாக்கியிருந்தது. ஆனால் வட மூலையில் மண் ஏறியது நிஜம், முழங்காலுக்குப் பதில் கெண்டைக்கால் அளவு. அங்கே படகைக் கட்டி நிறுத்துகிறவர்கள் ஆறு பேர். அதில் சூசையும் ஒருவர். ஜெட்டி தப்பிவிட்டது, ஆனால் உங்கள் மூலையில் இனிப் படகு நிறுத்த முடியாது என்று அவரிடம் நான்தான் சொன்னேன்.

"இது பாறை மாதிரி இல்லையே? நெசந்தானா?" என்று ஒரு தடவை கேட்டார். நிஜம் என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போய் அன்றைக்கே படகை அவிழ்த்துத் தெற்கே கட்டினார். அவர் என்னை நம்பியது எனக்குச் சந்தோஷமாகவும் இல்லை, துக்கமாகவும் இல்லை. என்ன உணர்வு அது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

காக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். வலை பின்னிய அதே நான்கு பேர் இருக்கும்போது கேட்க வேண்டும் என்று காத்திருந்து, அவர்கள் எதிரிலேயே கேட்டேன். அவர் நோட்டை மூடி வைத்தார்.

"மாப்பெல்லாம் எதுக்குத் தம்பி? சந்தேகப்பட்டது தப்பில்ல, அது நம்ம வேல. ஆனா மனுசனச் சந்தேகப்படும் முந்தி மரத்தச் சந்தேகப்பட்டிருக்கலாம்," என்றார். பிறகு ஒரு சாயா வாங்கிக் கொடுக்கச் சொன்னார். அதன் பிறகும் நான்கு வருடம் சேர்ந்து வேலை செய்தோம். நான் கடற்கரையில் இருக்கும்போதுகூட அந்த நான்கு வருடத்தில் அவர் பல நாள் என்னைச் சார் என்றே கூப்பிட்டார். அது எனக்கு வலித்தது, வலிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அடுத்த வருடம் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்து அளந்தபோது ஆமைப்பாறை நான்கு விரல் தாழ்ந்திருந்தது. கோல் சரி, குறி சரி, கருவி சரி, காக்கா சரி. ஏன் என்று எனக்குத் தெரியாது. அறிக்கையில் "காரணம் தெரியவில்லை" என்று எழுதினேன், அது இன்றைக்கும் உங்கள் அலமாரியில் இருக்கும். யாருக்காவது புரிந்தால் எனக்கு ஒரு போன் போடுங்கள்.

கோலை நாங்கள் மேலே ஏற்றவில்லை. மாதா முகம் மறையும் என்று சூசை சொல்லும் முன்பே காக்கா சொல்லிவிட்டார். புதிய இடத்தை அளந்து பதிவேட்டில் ஏற்றினோம். அந்த வருடத்திலிருந்து, திருவிழாவுக்குப் பத்து நாள் முன்னால் சூசை எனக்குப் போன் பண்ண ஆரம்பித்தார். "அண்ணாச்சி, நாளைக்குப் பெயிண்ட் அடிக்கோம். கோலத் தொடலாமா?" என்பார். நானும் காக்காவும் போவோம். கோலைக் கழற்றாமல், நாங்கள் பக்கத்தில் நிற்க, அவர் கையாலேயே அடிப்பார். நான் ஓய்வு பெற்ற பிறகும் இது நிற்கவில்லை. பெலிசித்தாள் எங்கள் இருவருக்கும் இலை போடுவார். எனக்குத் தனியாகக் கத்தரிக்காய்க் குழம்பு.

போன வருடம் எனக்கு முழங்கால் அறுவை சிகிச்சை. காக்காவுக்குக் கண்ணில் புரை. வர முடியாது, கழற்றாமல் அடித்துவிடுங்கள் என்று சூசையிடம் போனிலேயே சொன்னேன். சரி அண்ணாச்சி என்றார். இரண்டு மாதம் கழித்துக் கைத்தடியோடு அங்கே போனேன். ஜெட்டி முழுக்க நீலமும் வெள்ளையுமாகப் பளபளத்தது. தூண், ஏணி, படகுகள், மாதாவின் முக்காடு எல்லாமே புதிது. நடுவில் நம்முடைய கோல் மட்டும் பெயிண்ட் உரிந்து, எண்கள் மங்கி நின்றது.

"ஏன்வே இத விட்டுட்டீரு?" என்று கேட்டேன்.

"ஆளு யாரும் பக்கத்துல நிக்காம நான் தொட மாட்டேன் அண்ணாச்சி," என்றார் சூசை.

திருவிழாவுக்கு இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. உங்கள் அலுவலக எண்ணை அவருக்குக் கொடுத்திருக்கிறேன். தெரியாத எண் என்று எடுக்காமல் விட்டுவிடாதீர்கள். யாராவது ஒருவர் போய் அவர் பக்கத்தில் நில்லுங்கள். கேள்வி கேட்ட அந்தப் பெண் போனால் நல்லது.